உப்புத் தண்ணி அம்மன்

ஒரு முடி வந்திருச்சு. அறுபடாம முழு நீளத்துக்கு வந்திருச்சு. இப்படி ஒவ்வொண்ணா உருவுனாப் போதும், மொத்தச் சிக்கும் விட்டுரும், எப்ப விடும்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது. குளியலறைக் கதவத் தாப்பாப் போட்டுட்டு பிளாஸ்டிக் முக்காலியில உக்காந்திருக்கேன், காலடியில தேங்காயெண்ணெய்க் கிண்ணம், கையில கோணி ஊசி, பின்னந்தலையில இருந்து இடுப்புக்குக் கீழ வரைக்கும் வடக்கயிறு மாதிரி திரண்டு தொங்குறது என் முடி. முடியா இது, தொட்டுப் பாத்தா ஏதோ காஞ்ச தோலைத் தொட்ட மாதிரி இருக்கு. முன்பக்கமும் காதோரமும் நல்லாத்தான் இருக்கு, சீப்பு வழுக்கிக்கிட்டுப் போகுது, பின்னாடி உள்ளங்கை அகலத்துக்கு ஆரம்பிச்சு நுனி வரைக்கும் ஒரே கட்டை. கழுத்தத் திருப்புனா அதுவும் கூடவே திரும்புது. கையத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை மரத்துப்போச்சு, கண்ணாடி முன்னாடி இருக்கு, சிக்கு பின்னாடி இருக்கு, நான் என்ன கிளியா தலையச் சுத்தித் திருப்ப? வெளிய என் மாமியார். கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, "தாயி, மஞ்சத் தண்ணி கலந்து வச்சிருக்கேன், மனசு வச்சுக் கதவத் தொற தாயி"ங்குறாங்க. தாயியாம்ல. கல்யாணமாகி இந்த விளாங்குடி வீட்டுக்குள்ள கால வச்ச நாள்ல இருந்து அங்கம்மா அத்தைக்கு நான் 'ஏய்', 'இந்தா', 'எங்கடி போனா அவ', எனக்கு ஜோதிமணினு ஒரு பேரு இருக்கறது ரேசன் கடைக்காரனுக்குத் தெரியும், இவங்களுக்குத் தெரியாது. போன செவ்வாக்கிழமையில இருந்து நான் தாயி. "அத்தே, இது சடை இல்ல, சிக்கு. வெறும் சிக்கு. காதுல விழுதா?"னு கத்துறேன். "அம்மன் அப்படித்தான் சோதிச்சுப் பேசுவா"னு பக்கத்துல யாருகிட்டயோ சொல்றாங்க. இதுக்கு மேல மனுசி என்னத்தப் பேச. உச்சிப் பொழுதுக்குப் பூசாரி வராரு. அவரு வந்து தலையில மஞ்சத் தண்ணிய ஊத்தி, இந்தக் கட்டைக்குக் குங்குமம் வச்சு, மஞ்சக் கயித்துல காப்புக் கட்டிட்டாரோ, முடிஞ்சது சோலி. அப்பறம் இதுல சீப்புப் படக் கூடாது, கத்தி படக் கூடாது, சாகற வரைக்கும் நான் இத இழுத்துக்கிட்டு அலையணும். அதுக்குள்ள அவிழ்க்கணும். அவிழலைன்னா அறுக்கணும். அறுக்கறதுக்கு என் வீட்டுக்காரரு வரணும், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, காலையில தூத்துக்குடியில பஸ்ஸப் பிடிச்சவரு இந்நேரம் அருப்புக்கோட்டையத் தாண்டியிருக்கணும். சீக்கிரம் வாங்களேன்யா.

அம்மனும் இறங்கல ஆத்தாளும் இறங்கல, உப்புத் தண்ணி இறங்குச்சு, அவ்வளவுதான் கதை. இத எத்தனை தடவை சொல்லியாச்சு. இந்தத் தெருவுல போர்த் தண்ணியில சோப்புப் போட்டா நுரை வராது, திரிதிரியா வெள்ளையா மிதக்கும், அந்தத் தண்ணியில தலைக்கு ஊத்துனா முடி விறகாப் போயிரும்னு வந்த புதுசுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதனால குழாயில நல்ல தண்ணி வர்ற அன்னைக்கெல்லாம் ரெண்டு வாளி பிடிச்சு மூடி வச்சிருவேன், அது என் தலைக்கு, அதுல யாரும் கை வைக்கக் கூடாதுனு சண்டை போட்டு வாங்குன உரிமை அது. எண்ணெய் காய்ச்சறதும் நானே, கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் அரைச்சு உருட்டி நிழல்ல காயவச்சு, செக்கெண்ணெயில போட்டு சடசடங்குற சத்தம் அடங்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன், அடுப்ப விட்டு நகந்தாக் கருகிரும். சீயக்காயில பூந்திக்கொட்டை கொஞ்சமாத்தான் போடணும், கூடுனா முடி வறண்டு போகும். ஈரத் தலைய முடியக் கூடாது, துண்டால அடிச்சு அடிச்சுத் துவட்டக் கூடாது, சீப்ப மேல இருந்து இழுக்கக் கூடாது, நுனியில ஆரம்பிச்சு மேல மேல ஏறி வரணும். இத்தனையும் தெரிஞ்சவ நான். சேலைக் கடையில என் செக்சன்ல வேலை பாக்குற பிள்ளைக எல்லாம் முடி கொட்டுதுக்கானு என்கிட்டத்தான் வந்து நிக்கும். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஆடி மாசம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. கை கால் மூட்டெல்லாம் பூட்டுப் போட்டுக்கிச்சு, கைய மேல தூக்க முடியல, தலை சீவுறதாவது ஒண்ணாவது. கொண்டையைச் சுருட்டிச் சொருகிட்டு வேர்வையோட வேர்வையாத் தலகாணியில புரண்டு புரண்டு கெடந்தேன், அங்கதான் முதல் முடிச்சு விழுந்திருக்கணும். காய்ச்சல் விட்டுச்சு. செவ்வாக்கிழமை தலைக்கு ஊத்திக்கலாம்னு எந்திரிச்சு வந்து பாத்தா ரெண்டு வாளியும் காலி. ஆடிச் செவ்வாயாம், சாமி விளக்கு, குத்துவிளக்கு, தாம்பாளம், மணி, எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவிக் கவுத்து வச்சிருக்காங்க அத்தை. பித்தளைக்கு நல்ல தண்ணி, எனக்கு உப்புத் தண்ணி! வந்த கோவத்துல நான் யோசிக்காமச் செஞ்சேன், அதையும் சொல்லிருறேன். உப்புத் தண்ணி முடிய உடைக்குமேன்னு பயந்து, செல்போன் வீடியோவுல ஒரு பொண்ணு சொல்லுச்சேன்னு ரெண்டு முட்டையை உடைச்சு வெந்தய விழுதோட கலக்கி, கூடவே கெட்டி விளக்கெண்ணெயையும் ஊத்தி அப்பிட்டேன். காய்ச்சல் விட்ட உடம்பு, வென்னிதான் ஊத்தணும்னு அத்தை அண்டா நிறையக் கொதிக்க வச்சுக் குடுத்தாங்க. முட்டை மேல வென்னி. யோசிச்சுப் பாருங்க. அது தலையிலயே வெந்துருச்சு. வெந்தது போகட்டும்னு அரப்புத் தூளை அள்ளிப் போட்டு, முடி அம்புட்டையும் உச்சியில குமிச்சு வச்சுத் தேய் தேய்னு தேய்ச்சேன். ஒரு நிமிசம் கையில முடியா இருந்துச்சு, அடுத்த நிமிசம் ஏதோ செத்த பிராணியப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்படியே கெட்டியாகிப் போச்சு. இன்னமும் அந்த நிமிசம் கையிலயே இருக்கு, திரும்பத் திரும்ப அங்கயே போய் நிக்கிறேன், தேய்க்காம இருந்திருந்தா, பச்சைத் தண்ணியா இருந்திருந்தா, அந்த வீடியோவப் பாதியில நிறுத்தாம முழுசாப் பாத்துத் தொலைச்சிருந்தா.

அய்யோ, அறுந்துருச்சு. ஊசியோட வந்துருச்சு ஒரு கொத்து. சத்தம் கேட்டுச்சு, நறுக்குனு. ச்சே. பொறுமையா, பொறுமையாப் பண்ணு ஜோதி. எண்ணெயைத் தொட்டு வை, ஊற விடு, ஊசி முனையால ஒரு இழை, அப்பறம் ஒரு இழை. எங்க போகுது பொறுமை, வெளிய மாடிவீட்டுத் திரவியம் அக்கா குரல் வேற கேக்குது, எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்காம். அஞ்சு நாளா இதே கூத்துதான். அன்னைக்குத் தலையோட நான் கத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தப்ப முதல்ல பாத்தது அத்தைதான். பாத்தவங்க கையில இருந்த தாம்பாளம் கீழ விழுந்துச்சு. "ஆடிச் செவ்வாயில சடை விழுந்திருக்கே, ஆத்தா, காய்ச்சலா வந்து படுத்தது நீதானா"ன்னு அப்படியே கால்ல விழுந்தாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்தே எந்திரிங்க, முட்டை அத்தே, முட்டைன்னு நான் கதறக் கதற, கற்பூரத்தக் கொளுத்திட்டாங்க. சாயங்காலமே பஸ் ஏறி டவுனுக்கு, எப்பவும் நுனி வெட்டிக்கிற பார்லருக்குப் போனேன். அந்தப் பொண்ணு சீப்பை எடுத்துக்கிட்டு வந்துச்சு, துப்பட்டாவ விலக்குனேன், சீப்பைக் கீழ வச்சிருச்சு. "அக்கா, தப்பா நினைக்காதீங்க, இதுல நாங்க கை வைக்க மாட்டோம், நான் இப்பத்தான் கடை போட்டிருக்கேன்"னுச்சு. வெளிநாட்டு கிரீமெல்லாம் அலமாரி முழுக்க அடுக்கி வச்சிருக்கு, கை ரெண்டையும் கும்பிட்டுக்கிட்டு நிக்குது. திரும்பி வீட்டுக்கு வந்தா கத்திரிக்கோல் இல்ல, பிளேடு இல்ல, அரிவாள்மனையக் கூட எங்கயோ கொண்டுபோய் ஒளிச்சாச்சு, காய்கறியெல்லாம் திரவியம் அக்கா வீட்டுல இருந்து நறுக்கி வருது. நான் மறுபடியும் வேலைக்கு வரேன்னு கடை மேனேஜர்கிட்ட சொன்னேன், அவருக்கும் யாரோ சொல்லிட்டாங்க, "அம்மா, நீங்க எப்ப முடியுமோ அப்ப வாங்கம்மா"ங்குறாரு, ஒரு நாள் லீவுக்கு ஒன்றரை மணி நேரம் வஞ்சவரு. மீன் கண்ணுல காட்டறதில்ல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, எதுத்த வீட்டுல அயிரை மீன் குழம்பு கொதிக்குது, வாசனை ஜன்னல் வழியா வந்து மூக்கைக் குடையுது, எனக்குப் பானகமும் ரெண்டு வாழைப்பழமும். கடுப்பா வருது, கத்தணும் போல வருது, கத்துனாலும் அருள் வந்துருச்சும்பாங்க. சிரிச்சா அம்மன் சிரிக்கிறா, அழுதா அம்மன் கலங்குறா, சும்மா இருந்தா அம்மன் மௌனம். என்ன பண்ணாலும் நான் பண்ணதா ஆக மாட்டேங்குதே.

ஆனா ஒண்ணு சொல்லணும், சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. புதன்கிழமை காலையில நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி காபி வந்துச்சு. தலைமாட்டுல, டம்ளர் டபராவுல, மூடி வச்சு. கல்யாணமான நாள்ல இருந்து இந்த வீட்டுல எனக்கு யாரும் காபி போட்டுக் குடுத்ததில்ல. நான் குடிச்சேன். சூடா இருந்துச்சு, சீனி சரியா இருந்துச்சு, எனக்கு எவ்வளவு சீனினு இத்தனை வருசமா இந்தம்மாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. உக்காந்து குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் கூப்பிடல. அந்த நேரத்துல ஒரு நினைப்பு வந்துச்சு, இப்படியே இருந்தா என்னனு. அந்த நினைப்பை நான் அப்பவே துப்பிட்டேன், துப்புனாலும் நாக்குல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. பாத்திரம் தேய்க்க வேண்டாம், பேச்சு வாங்க வேண்டாம், வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். உக்காந்து? எங்கம்மா வீட்டுத் தெருவுல சின்னப் பிள்ளையில பாத்தேனே ஒரு சடைக்காரம்மா, அப்படித்தான் உக்காந்திருக்கும். வேப்ப மரத்தடியில சடைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும், போறவுக வர்றவுக வாழைப்பழம் வைப்பாக. அதுக்குப் புருசன் இருந்தாரு, அதே தெருவுலதான் தனியா ஒரு அறையில சமைச்சுச் சாப்பிட்டாரு. அம்மன் இறங்குன உடம்புக்குப் பக்கத்துல புருசன் படுக்கக் கூடாதாம்ல. அந்தம்மா செத்தப்ப எழவு சொல்லப் போனவனுக்கு அது பேரு தெரியல, தெருவுல ஒருத்தருக்கும் தெரியல, சடைக்காரி செத்துட்டானு சொல்லிட்டு வந்தான். எனக்கு அதுதான் பயம். மத்தது எதுவும் பயமில்ல. இல்ல, பொய், மத்ததும் பயந்தான். அந்தச் சடைக்காரம்மாவோட தம்பி ஒருத்தன் ஒரு தடவை சடைய அறுக்க அரிவாளை எடுத்தானாம், எடுத்த கை அப்படியே நின்னு போச்சாம்னு சொல்லுவாக, நான் பாக்கல, ஆனா அவனுக்குக் கை விளங்காம இருந்ததப் பாத்திருக்கேன். வாதமா இருக்கலாம். வாதந்தான். முட்டைதான் வெந்துச்சுனு எனக்கு நல்லாத் தெரியும், இருந்தாலும் இந்த ஊசியப் பிடிக்கிற கை கொஞ்சம் மரத்தா உடனே விரலை மடக்கி மடக்கிப் பாத்துக்கிறேன். ஆடிச் செவ்வாயிலயா இது நடக்கணும், மாரியம்மா, இது உன் வேலை இல்லைல்ல? இருந்தா இப்பவே சொல்லிரு. பாத்தியா, நானே கேக்க ஆரம்பிச்சுட்டேன்.

அவரு வந்துட்டாப் போதும். என் வீட்டுக்காரரு கதிரேசன், தூத்துக்குடியில கிரேன் ஓட்டுறாரு, சனிக்கிழமை ஷிப்ட் முடிச்சு ஞாயித்துக்கிழமை வருவாரு, திங்கக்கிழமை விடியறதுக்குள்ள கிளம்பிருவாரு. இந்த வீட்டுல சாமி கும்பிடாத ஒரே ஆளு. கல்யாணத்துல ஐயர் வேணாம், ஓமம் வேணாம், கட்டுனா இப்படித்தான் கட்டுவேன்னு நின்னாரு, அத்தை மண்டபத்துலயே மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருந்தாக. கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா வாசல்ல நின்னு எங்க செருப்புக்குக் காவல் இருப்பாரு. பொண்ணு பாக்க வந்தப்ப அத்தை என் பின்னலை அவிழ்த்துக் காட்டச் சொன்னாக, சவரி வச்சுப் பின்னியிருக்கானு பாக்கணுமாம், எங்கம்மா முகம் செத்துப் போச்சு, அப்ப இவருதான் எந்திரிச்சு, "மாட்டுச் சந்தையா இது, பல்லையும் பாத்துருங்க"ன்னு அவுக அம்மாவையே கேட்டாரு. அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன் இந்த ஆள்தான்னு. ஆனா முடிமேல ஆசை இல்லாதவரும் இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃபேனுக்கு அடியில நான் தலை காயப்போட்டுப் படுத்திருந்தா, நுனியப் பிடிச்சு விரல்ல சுத்திக்கிட்டே தூங்கிருவாரு. அத வெட்டச் சொல்றேன் அவர. செவ்வாக்கிழமை போன் பண்ணி அழுதேன், விசயத்தச் சொன்னேன், அந்தப் பக்கம் சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு, "முட்டை அம்மனா? அம்மனுக்கு மிளகுத்தூள் போட்டியாடி?"ன்னு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு அழுகையோட. "நீ ஒண்ணும் பண்ணாத, பையில கத்திரிக்கோலோட வரேன், ஒரே வெட்டு, பாப் கட்டிங்ல நீ காலேஜ் பிள்ளை மாதிரி இருப்ப"ன்னாரு. அன்னையில இருந்து அந்த ஒரு சொல்லப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். வெட்ட மனசு இல்ல, அதனாலதான் இந்த ஊசியோட மல்லுக்கட்டுறேன், விட்டா விடட்டும், ஒரு சாண் மிஞ்சினாலும் மிஞ்சட்டும்னு. ஆனா வெட்டித்தான் ஆகணும்னா அவரு கையால வெட்டட்டும். முடி வளந்துக்கும். நான் வளத்துக்குவேன். நல்ல தண்ணிக்கு வாளியில பூட்டுப் போட்டு வச்சு வளப்பேன். சிக்கு இன்னும் அதே இடத்துல நிக்குது, ஊசி உள்ளயே இறங்க மாட்டேங்குது, வெந்த முட்டையும் விளக்கெண்ணெயும் இறுகிச் சிமெண்டாப் போச்சு. ஒரு மணி நேரமா உருவி விரல்க்கடை அளவுகூட அவிழல. கிண்ணத்த எத்தி விட்டுட்டேன். எண்ணெயெல்லாம் தரையில. போ. நாசமாப் போ.

கேட் சத்தம். வந்துட்டாரு. வந்துட்டாரு! அத்தை ஒப்பாரி மாதிரி ஆரம்பிக்கிறாக, "கதிரேசா, நம்ம வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கா, நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு." அவரு என்னமோ சொல்றாரு, குரல் கரகரனு இருக்கு, பஸ்ல தூசி அடிச்சிருக்கும். "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க, அம்மா, நீயும் போ, நான் பாத்துக்குறேன்"னு அதட்டுறாரு. அப்படிப் போடு. திரவியம் அக்கா செருப்பு மாட்டற சத்தம். கதவத் தட்டுறாரு, "நான்தான், தொற." தாப்பாளை எடுத்தேன், எண்ணெய்க் கை, வழுக்குது. உள்ள வந்து கதவச் சாத்துனாரு. போன வாரத்துக்கு இந்த வாரம் கன்னம் ஒட்டியிருக்கு, சவரம் பண்ணல. தோள் பைய இறக்கி, கத்திரிக்கோலை எடுத்தாரு, புதுசு, அட்டை கூடப் பிரிக்கல. எனக்கு அழுகை பொங்கிக்கிட்டு வருது. "நல்ல வேளை வந்தீங்க, இந்தாங்க, கழுத்தோட ஒட்டி வெட்டிருங்க, நான் கண்ண மூடிக்கிறேன்"னு திரும்பி உக்காந்து, அந்தக் கட்டைய முன்னால இழுக்காம அவரு பக்கமாத் தொங்க விட்டேன். கண்ண மூடிக்கிட்டேன். ஒண்ணும் நடக்கல. அட்டை பிரியற சத்தம் கேட்டுச்சு, அப்பறம் கத்திரிக்கோலைத் தரையில வைக்கிற சத்தம். என் சடையத் தொட்டாரு. விரல்ல சுத்தல, சும்மா உள்ளங்கைய அது மேல வச்சாரு, சூடா இருந்துச்சு கை. "என்னங்க?"னு திரும்பப் போனேன், "திரும்பாத"ன்னாரு. மூச்சு வாங்குறது கேக்குது. முட்டி தரையில படற சத்தம். என் வீட்டுக்காரரு, செருப்புக்குக் காவல் நிக்கிறவரு, எண்ணெய் கொட்டுன தரையில மண்டி போட்டிருக்காரு.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. உனக்கே தெரியும்"னாரு. என்கிட்டப் பேசல. குரல் என் கழுத்துக்குக் கீழ, அந்தக் கட்டைகிட்டப் பேசுச்சு. "தொண்டையில ஒரு கட்டி. மூணு மாசமா இருக்கு. சோறு முழுங்குறப்ப இடிக்குது. புதன்கிழமை சதை எடுத்துப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. டாக்டர் முகத்தப் பாத்தா எனக்குச் சரியாப் படல." ஒரு தடவை இருமுனாரு. "ஜோதிக்குத் தெரியாது. அவ தாங்க மாட்டா. யார்கிட்டயும் சொல்லல, உங்கிட்டத்தான் சொல்றேன். அது வேற ஒண்ணுமா இருக்கக் கூடாது. பாத்துக்க தாயி."

யோவ், நான்தான்யா ஜோதி. இங்கதான்யா உக்காந்திருக்கேன், உனக்கு முன்னாடி, ஒரு முழம் தள்ளி, மூணு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரே இலையில சோறு போட்டேனே, ரசத்த மட்டும் ஊத்து, பசி இல்லைன்னியே, நானும் எம்புட்டு முட்டாளா இருந்திருக்கேன், முடியப் பாத்துக்கிட்டு, வாளியப் பாத்துக்கிட்டு. கட்டினவகிட்டச் சொல்லாம வெந்த முட்டைகிட்டச் சொல்றியே. திரும்பி அவரு சட்டையப் பிடிச்சு உலுக்கணும் போல வருது. வாய் வரைக்கும் வந்துருச்சு, ஏங்கன்னு ஆரம்பிக்கணும், ஏங்கன்னு சொன்ன நிமிசம் அவரு வாய மூடிக்குவாரு, ஒண்ணுமில்ல ஜோதி சும்மா சொன்னேன்ம்பாரு, கத்திரிக்கோலை எடுப்பாரு, சிரிப்பாரு, வெட்டுவாரு, விடிகாலையில பஸ் ஏறிருவாரு, புதன்கிழமை தனியா அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருப்பாரு. எனக்குத் தெரியும் இந்த ஆள. கண்ண மூடிக்கிட்டே இருந்தேன். அத்தை வெளிய மணிய எடுத்து ஆட்ட ஆரம்பிச்சாச்சு. முதுகை நிமித்தி உக்காந்தேன், தலையக் கொஞ்சமா ஆட்டுனேன், குரலை வயித்துல இருந்து எடுத்தேன், எங்க இருந்து வந்துச்சுனு தெரியல, என் குரலா அது.

"பயப்படாதடா."

அவரு தேம்புறது கேட்டுச்சு. பெரிய ஆம்பளை, வாயப் பொத்திக்கிட்டு.

"அவகிட்டச் சொல்லு."

"அவ பயந்துருவா தாயி."

"பயப்படட்டும். பயப்படறது அவ பாடு. இப்பவே போய்ச் சொல்லு. புதன்கிழமை அவளையும் கூட்டிக்கிட்டுப் போ. தனியாப் போனா நான் வர மாட்டேன்."

"சரிம்மா"ன்னாரு. சரிம்மானுட்டு எந்திரிச்சாரு, முட்டி நெட்டி முறியுற சத்தம். கதவத் தொறந்து வெளிய போனாரு, கண்ணத் தொறந்து கதவிடுக்கு வழியாப் பாத்தேன், சொம்புல தண்ணி மோந்து குடிச்சாரு, முழுங்கறதுக்கு எவ்வளவு நேரம் எடுக்குதுனு இப்பத்தான் கவனிக்கிறேன், முகத்தக் கழுவித் தோள் துண்டால அழுத்தித் துடைச்சாரு. அதுக்குள்ள நான் கண்ணத் துடைச்சிருக்கணும், துடைச்சேன், எண்ணெய்க் கை, கண்ணெல்லாம் எரியுது. கத்திரிக்கோல் தரையிலயே கெடந்துச்சு, பளபளன்னு. அவரு செருப்பில்லாத காலோட திரும்பி வர்றது கேட்டதும் அதக் காலால வாளிக்குப் பின்னால தள்ளி விட்டேன். புதன்கிழமை வரைக்கும் இருக்கட்டும். அதுக்குப் பிறகும் இருக்கணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும், எவனும் இதுல கை வைக்கக் கூடாது.

கதவுல மெதுவா ஒரு தட்டு. முதல் தடவை வர்றவரு மாதிரி தலைய மட்டும் உள்ள நீட்டுனாரு.

"ஜோதி, ஒரு விசயம் சொல்லணும். நீ பதட்டப்படக் கூடாது."

"வந்துட்டீங்களா?"ன்னேன் நான். "எப்ப வந்தீங்க? உக்காருங்க, சொல்லுங்க."